மேலே இருக்கிற கை

ஜூலை 3, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சகத்தில் அட்டை கோணலாக ஒட்டி, விற்காமல் கழித்துப்போட்டது. ஆறு மாதமாக மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு அதை எடுத்துத் துடைத்தேன். காரணம் இருக்கிறது!

கனகமணி டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார். காலையில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "புஷ்பம், ஹாக்கி டீம் இனி உங்க பொறுப்பு. ஆகஸ்ட் முதல் வாரம் மாவட்டப் போட்டி. பதினாலு வயசுக்குள்ள பிள்ளைங்க. பாத்துக்கிடுவீங்கல்ல?" என்றார்.

"ஹாக்கியா மேடம்? எனக்குத் தண்ணி பட்ட பாடு!"

வாய்தான் சொன்னது. நான் ஹாக்கி ஸ்டிக்கைக் கையில் தொட்டதே இல்லை. நான் கபடிக்காரி. பல்கலைக்கழக அணியில் ரைடராக இருந்தவள், எதிரணிக் கோட்டுக்குள் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டேன். ஆனால் நான் வாக்கப்பட்டு வந்திருப்பது கோவில்பட்டி. இங்கே சலூனில் உட்கார்ந்தால் ஹாக்கி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் ஹாக்கி. இந்த ஊரில் ஒரு பி.டி. டீச்சர் எனக்கு ஹாக்கி தெரியாது என்று சொல்லிவிட்டுத் தெருவில் நடக்க முடியுமா? உடற்கல்வி ஆசிரியைக்கு எல்லா விளையாட்டும் தெரியும் என்று ஊரே நம்புகிறது. நான் மட்டும் ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்?

என் வீட்டுக்காரர் அழகர்ராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி கிண்டினாக்கூட இதைவிட நல்லா இருக்கும்" என்கிறார். என் கையெழுத்து எப்போதுமே அப்படித்தான். அதற்கு நான் என்ன செய்ய?

ஜூலை 4, செவ்வாய்

முதல் பயிற்சி. அடடா, என்ன ஒரு சாயங்காலம்!

விசிலை ஊதினேன். "பந்து எங்க இருக்கோ அங்க எல்லாரும் இருக்கணும். சுத்தி வளைச்சுப் பிடிங்க!" என்று கத்தினேன். கபடியில் ரைடரை அப்படித்தானே அமுக்குவோம்? அத்தனை பிள்ளைகளும் பந்தை மொய்த்துக்கொண்டார்கள். பந்தைத் தவிர எல்லார் முழங்காலிலும் அடி விழுந்தது. ஆனாலும் என்ன வேகம், என்ன கூச்சல்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஜெனோவா என்று ஒரு பிள்ளை, நல்ல உடம்பு, பாதி மைதானம் ஓடுவதற்குள் மூச்சு வாங்குகிறாள். சரி, ஓட முடியாதவளுக்கென்றே ஓர் இடம் இருக்கிறதே என்று கோலில் நிறுத்திவிட்டேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கோல்கீப்பரின் அந்தப் பெரிய கால்காப்புகளை மாட்டிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி சிரித்தாள்.

இன்னொருத்தி இருக்கிறாள். எட்டாம் வகுப்பு செண்பகவல்லி, எல்லாருக்கும் செண்பா. அத்தனை கூட்டத்துக்குள்ளும் பந்து அவள் ஸ்டிக்கை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, பசை போட்டு ஒட்டின மாதிரி. இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் போகிறாள். என் அணியின் தங்கம் கிடைத்துவிட்டது!

ஜூலை 6, வியாழன்

மைதானத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சி வலிய வந்து யோசனை சொல்கிறார். ஒரு காலத்தில் பெரிய ஃபார்வர்டாம். அவர் அடித்த கோல்களைப் பற்றி அவரே சொல்லக் கேட்க வேண்டும். அவ்வளவு நன்றாக ஆடினவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமலா போகும்? நான் பவ்யமாகக் கேட்டுக்கொண்டேன்.

"டீச்சர், நடுவுல தண்ணி மட்டும் குடுத்துராதீங்க. வயித்துல தண்ணி கிடந்து குலுங்கும், ஓட்டம் போயிரும். நாங்கள்லாம் நாக்கு வறண்டுதான் ஆடுனோம்."

அப்படியே செய்தேன். ஐந்தே காலுக்கு கேப்டன் கார்த்தியாயினி கண்ணைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதறிப்போய் வாட்ச்மேன் ரூமிலிருந்து தண்ணீரைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாரும் குடித்தார்கள், நானும் குடித்தேன். அதற்கப்புறம்தான் இன்றைக்கு நன்றாகவே ஆடினார்கள். அண்ணாச்சி எதிரே நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

பரவாயில்லை. பெரிய ஆட்டக்காரர். ஒன்று தவறியிருக்கலாம், மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஜூலை 10, திங்கள்

பெற்றோர் கூட்டம். எத்தனை சந்தேகங்கள்! குனிந்தே ஆடினால் முதுகு கூன் விழாதா என்று ஒரு அப்பா. வெயிலில் கறுத்துப்போனால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று ஓர் அம்மா. "கபடி ஆடி மண்ணுல புரண்ட என்னையே ஒருத்தர் கட்டிக்கிட்டாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாதிப் பேர் சமாதானமானார்கள்.

செண்பாவின் அம்மா ராமலட்சுமி கடைசி வரைக்கும் இருந்தார். கடலைமிட்டாய் கம்பெனியில் வேலை. சேலையில் வெல்லப்பாகு வாசனை. கூட்டம் கலைந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், வெளிப்படையாச் சொல்லிருதேன். இந்தப் போட்டி வரைக்கும்தான் பாப்பேன். எம்பிள்ளை உள்ள எறங்கி ஆடுனா, மேற்கொண்டும் ஆடட்டும், நான் தடுக்கல. சும்மா ஓரத்துல உக்காந்து கை தட்டுறதுக்குன்னா, ஸ்டிக்கைப் பரண்ல போட்டுட்டு டியூசனுக்குப் போகட்டும். அவங்கப்பாவும் இல்ல. எனக்கு ரெண்டையும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"உங்க பிள்ளைதாம்மா என் சென்டர் ஃபார்வர்டு. நீங்க நிம்மதியாப் போங்க" என்றேன்.

தூணுக்குப் பின்னால் நின்று செண்பா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 12, புதன்

இடி மாதிரி ஒரு விஷயம். மதியம் செண்பா புளியமரத்தில் கல் விட்டுக்கொண்டிருந்தாள். இடது கை! வகுப்பில் போய் எட்டிப் பார்த்தேன். எழுதுவதும் இடது கை. எட்டு நாளாக என் கண்ணில் படவே இல்லை. ஸ்டிக்கை எல்லாரும் ஒரே மாதிரி பிடிப்பதால் தெரியவில்லை போலிருக்கிறது.

அண்ணாச்சியிடம் ஓடினேன். டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"பீச்சாங்கைக்காரிக்கு ஹாக்கி எதுக்கு டீச்சர்? இடக்கை ஸ்டிக்குன்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாது. எல்லா ஸ்டிக்கும் ஒரே பக்கம்தான் தட்டை. இது சோத்தாங்கை வெளையாட்டு. அடிக்கிறதெல்லாம் சோத்தாங்கை மணிக்கட்டுல இருக்கு. இப்ப நல்லா ஆடுற மாதிரிதான் தெரியும், பெரிய மேட்சுன்னு வந்தா மாட்டிக்கிடுவா."

செல்போனில் தேடிப் பார்த்தேன். இடக்கை ஸ்டிக் கிடையாது என்பது உண்மைதான். உண்மை என்று ஒன்று கிடைத்த பிறகு மற்றதை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

நான் அவளைக் கைவிட மாட்டேன். கையை மாற்றிவிட வேண்டியதுதான். எழுதுவது, பல் தேய்ப்பது, தலை வாருவது, பந்து எறிவது எல்லாம் வலது கையால். வலது கைக்குப் பலம் வந்துவிட்டால் ஹாக்கியும் வந்துவிடும். மறந்து இடது கை நீளாமல் இருக்க, மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டேன். வலிக்காமல், தளர்வாகத்தான். அவள் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதிலேயே மாற்றினால் மாறிவிடும். எனக்குத் தெரியும்.

இன்றைக்கு ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

ஜூலை 14, வெள்ளி

செண்பாவுக்குத் தனிப் பயிற்சி. வலது கையால் இறுக்கிப் பிடி, இடது கையைச் சும்மா மேலே வை என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை. இப்படி ஒரு மாணவி கிடைக்க எந்தப் பயிற்சியாளரும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

செண்பாவின் ஸ்டிக்கில் பந்து நிற்கவில்லை. இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் போகிற வித்தையும் காணவில்லை. மாற்றம் வரும்போது கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். நான் மனம் தளரவில்லை.

துணி ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூலை 21, வெள்ளி

பக்கத்துப் பள்ளியோடு பயிற்சி ஆட்டம். ஐந்துக்குப் பூஜ்யம். நாங்கள்தான் பூஜ்யம்.

ஜெனோவா மட்டும் இல்லையென்றால் பத்தாகியிருக்கும். ஓட முடியாதவள் என்று நினைத்தேன். நான்கு எட்டு வைப்பதென்றால் புலி மாதிரி பாய்கிறாள். அதோடு கோலில் நின்றபடியே, "கார்த்தி, இடது பக்கம் ஆள் வருது! எல்லாரும் ஏன்டி ஒரே இடத்துல நிக்கீங்க?" என்று ஓயாமல் கத்தினாள். மைதானம் முழுக்க அவள் கண்ணில் தெரிகிறது போல. "பயிற்சியாளர் நான், நீ வாயை மூடு" என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

செண்பாவை இடைவேளைக்குப் பிறகு வெளியே எடுத்துவிட்டேன். வேறு வழியில்லை. கால் போன இடத்துக்குக் கை வரவில்லை, கை வந்த இடத்தில் பந்து இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து ரிப்பனின் முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். கை தட்டவில்லை.

ஜூலை 22, சனி

செண்பா பயிற்சிக்கு வரவில்லை.

ஜூலை 24, திங்கள்

இன்றைக்கும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே போனேன். தீப்பெட்டி ஆபீஸ் பின்னால் ஒற்றை அறை வீடு. பரணிலிருந்து ஸ்டிக்கின் வளைந்த முனை மட்டும் எட்டிப் பார்த்தது.

ராமலட்சுமி மரியாதையாக உட்காரச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீங்களே வெளிய உக்கார வெச்சிட்டீங்க. பெறவு நான் என்ன சொல்ல? ஆனா கையை மாத்துனீங்க பாருங்க, அதுக்கு உங்களுக்குப் புண்ணியமாப் போகும் டீச்சர். நாங்களும் சின்னதுலருந்து அடிச்சுப் பாத்தோம், சூடு வெப்பேன்னு மெரட்டிப் பாத்தோம். கேக்கவே இல்ல. நீங்க சொன்னதும் கேட்டுட்டா."

செண்பா தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கை. நாக்கின் நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் இழுத்து இழுத்து. 'ழ' என்று எழுத முயன்று, அழித்து, மறுபடியும் எழுதினாள். கோழி கிண்டின மாதிரி இருந்தது.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

பெரிய நாள். அடுப்பில் எதுவும் வைக்கவில்லை, ஹோட்டலில் புரோட்டா வாங்கிவரச் சொல்லிவிட்டேன். எழுதி முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒருத்திக்குக் கொடுத்த பயிற்சி எல்லாருக்கும் நல்லதுதானே என்று, இன்று மொத்த அணிக்கும் வலது கைப் பயிற்சி வைத்தேன். வலது கை இறுக்கம், இடது கை சும்மா. கொஞ்ச நேரத்தில் மைதானம் சந்தைக்கடை ஆகிவிட்டது. கார்த்தியாயினிக்கே பந்து நிற்கவில்லை. அப்போதுதான் ஜெனோவா அந்தக் கால்காப்புகளோடு தத்தித் தத்தி வந்தாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா? திட்ட மாட்டீங்கள்ல?"

"கேளு."

"ஸ்டிக்கைத் திருப்புறது மேல இருக்கிற கைதான மிஸ்? கீழ இருக்கிற கை சும்மா குழாய் மாதிரி, அதுக்குள்ள ஸ்டிக்கு சுத்தும். கனகமணி மிஸ் அப்படித்தான் சொல்லுவாங்க. மேல இருக்கிறது எல்லாருக்கும் இடது கைதான? அப்ப செண்பாக்கு நல்லதுதான மிஸ்?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ரொம்பப் பேசாத. கிரவுண்டை ஒரு சுத்து சுத்திட்டு வா" என்று விரட்டினேன். பாவம், கால்காப்புகளோடு பாதி தூரம் நடந்தாள். நான் விசிலை ஊதிப் பயிற்சியை முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கை எடுத்து வந்தேன். கதவைச் சாத்தி, நாற்காலிகளை ஒதுக்கி, கூடத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டேன். முதலில் அண்ணாச்சி முறை. வலது கை இறுக்கம். பழம் சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. எடுத்து வந்தேன், மறுபடியும் ஓடிவிட்டது.

பிறகு வலது கையைத் தளர்த்தினேன். மேலே இருக்கிற இடது கையை, அதன் போக்குக்கு விட்டேன்.

என்னவென்று சொல்ல! ஸ்டிக் கையில் சுழன்றது. தட்டைப் பக்கத்தால் இங்கிருந்து ஒரு தொடல், ஸ்டிக் திரும்பி அங்கிருந்து ஒரு தொடல். பழம் நாற்காலிக் காலைச் சுற்றியது, ஃபிரிட்ஜ் வரைக்கும் போனது, திரும்பி வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கபடிக்காரி, முப்பத்தெட்டு வயது, வாழ்க்கையில் முதல் தடவை, ஒரு எலுமிச்சம்பழத்தை விடாமல் கூடத்தில் மூன்று சுற்றுக் கொண்டுபோனேன்! சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அழகர்ராஜ் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. புரோட்டாப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.

"நீ எதையும் இவ்வளவு லாவகமாச் செஞ்சு நான் பாத்ததே இல்லையே" என்றார். "ஆமா, கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். கோவம் வந்தா நீ பீச்சாங்கையாலதான் கதவை அறையுத. கரப்பான் பூச்சியையும் அந்தக் கையாலதான் அடிக்குத. தூக்கத்துல போர்வையை இழுக்கிறதும் அந்தக் கைதான். மத்ததுக்கெல்லாம் ஏன் இந்தக் கை?"

"எல்லாரும் அப்படித்தான்" என்றேன்.

"நான் அப்படி இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சால்னாவைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

ஒட்டன்சத்திரத்தில், மூன்றாம் வகுப்பில், ஒரு டீச்சர் ஒரு பிள்ளையின் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவைத்தார். ஒரு பருவம் முழுக்க. அந்தப் பிள்ளை எழுதக் கற்றுக்கொண்டது. யார் அந்தப் பிள்ளை என்று இப்போது எதற்கு?

இடக்கை ஸ்டிக் கிடையாது என்பது உண்மை. ஆனால் மேலே இருக்கிற கை இடது கை. இரண்டும் உண்மைதான். எனக்கு ஒன்றோடு போதும் என்று தோன்றிவிட்டது, அதுதான் பிசகு.

ஜூலை 26, புதன்

விடிந்ததும் முதலில் ஜெனோவாவிடம் போய், "நீ கேட்டது சரி" என்றேன். "இனிமே கோல்ல நின்னு நீதான் எல்லாரையும் ஏவணும். வாயை மூடுனா உதை" என்றேன். அவளுக்கு அதுதானே வேண்டும்!

பிறகு செண்பா வீடு. அம்மா கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து, செண்பாவின் கையை மடியில் வைத்து, ரிப்பனை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. தளர்வாகக் கட்டினேன் என்றுதானே எழுதினேன்? மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு தடம்.

"மிஸ் தப்பாச் சொல்லிட்டேன்டா. ஹாக்கில மேல இருக்கிற கைதான் ராஜா. அது உனக்கு ஏற்கெனவே ராஜாவாத்தான் இருக்கு. நான் நடுவுல புகுந்து கெடுத்துட்டேன்."

"இனிமே எந்தக் கை மிஸ்?"

"உன் கைதான்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், வெளையாடுதீங்களா? அன்னைக்குக் கட்டுனீங்க, இன்னைக்கு அவுக்கீங்க. சரி. நான் சொன்ன சொல்லு மாறல. போட்டி அன்னைக்கு அரைநாள் லீவு போட்டுட்டு வந்து என் கண்ணால பாப்பேன். ஆடுனா ஆடட்டும். ஓரத்துல உக்காந்திருந்தான்னா அத்தோட முடிஞ்சு."

பரணிலிருந்து ஸ்டிக்கை அவரேதான் எடுத்துக்கொடுத்தார்.

ஜூலை 31, திங்கள்

ஐயோ, எப்படி ஆடுகிறார்கள்! மொய்க்கிற பழக்கத்தை விட்டாயிற்று. பந்துக்கு இரண்டு பேர், மற்றவர்கள் இடம் பிரிந்து நிற்க வேண்டும். நான் சொல்வதைவிட ஜெனோவா சொல்வதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கோட்டோரம் நின்று கத்துவதுதான் பயிற்சி என்று நினைத்தேன். சும்மா நின்று பார்த்தால் எவ்வளவு தெரிகிறது!

ஒரே கவலை செண்பா. கை திரும்பி வந்துவிட்டது, ஆனால் பந்து வரும்போதெல்லாம் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள், அனுமதி கேட்பது போல. அந்த ஒரு நொடியில் பந்து போய்விடுகிறது.

அண்ணாச்சி, "பீச்சாங்கையை மறுபடியும் எறக்கிட்டீங்களா? என் பேச்சைக் கேக்கலைன்னா எக்கேடும் கெட்டுப் போங்க" என்றார். "அண்ணாச்சி, நீங்க மேல எந்தக் கையைப் பிடிச்சு ஆடுனீங்க?" என்று கேட்டேன். காற்றில் ஸ்டிக்கைப் பிடிப்பது போல இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மாவட்டப் போட்டி தொடங்கிவிட்டது! முதல் ஆட்டம், 2-1, ஜெயித்துவிட்டோம்! செயற்கைத் தரையில் எங்கள் பிள்ளைகள் முதல் தடவை. மண்ணில் துள்ளுகிற பந்து இங்கே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கார்த்தியாயினி இரண்டு கோல். செண்பாவை ஆட்டம் முழுக்க உள்ளே வைத்திருந்தேன். பயந்து பயந்துதான் ஆடினாள். பந்து வந்தால் உடனே யாருக்காவது தள்ளிவிட்டாள்.

ராமலட்சுமிக்கு இன்று லீவு கிடைக்கவில்லை. நாளை அரையிறுதிக்கு வருகிறார்.

தொண்டை கட்டிவிட்டது. கத்தவே இல்லை என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 5, சனி

எவ்வளவு நேரமானாலும் இன்றைக்கே எழுதிவிடுவேன்.

அரையிறுதி. எதிரணி, எங்களுக்கு ஐந்து போட்ட அதே பள்ளி. ராமலட்சுமி கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து வேலி ஓரத்தில் நின்றார். செண்பா அவரைப் பார்த்ததும் வெளிறிவிட்டாள்.

முதல் பாதியில் அவள் செய்தது எதுவும் சரியாக வரவில்லை. எங்களுக்கு ஒரு கோல் விழுந்துவிட்டது. எனக்குத் துணையாக வந்திருந்த எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர், "அந்தப் பிள்ளையை மாத்துங்க, தோத்துருவோம்" என்றார். வேலியைப் பார்த்தேன். ராமலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாற்றினால் ஜெயிக்கலாம். மாற்றினால் அந்த ஸ்டிக் பரணுக்குப் போய்விடும். நான் கொடுத்த பயத்தை நானே காரணம் காட்டி அவளை உட்கார வைப்பதா? மாட்டேன். தோற்றால் தோற்கிறோம் என்று இருந்துவிட்டேன்.

கடைசிப் பகுதியில் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தைக் கொண்டு எங்கள் பக்கம் பறந்து வந்தாள். கோலிலிருந்து ஜெனோவா அலறினாள்: "செண்பா! கையைப் பாக்காதட்டி, பந்தைப் பாரு!"

செண்பா பந்தைப் பார்த்தாள். வலது கையை விட்டுவிட்டாள். இடது கையால் மட்டும் ஸ்டிக்கை நீட்டி, பாம்பு கொத்துகிற மாதிரி ஒரு கொத்து. பந்து எங்களுடையது! கார்த்தியாயினிக்குப் போனது, அவள் ஓடினாள், ஒரே அடி. 1-1!

ஆட்டம் சமனில் முடிந்தது. ஷூட் அவுட். ஒருத்தி மட்டும் பந்தோடு வர வேண்டும், எட்டு நொடி, எதிரே கோல்கீப்பர் மட்டும். ஜெனோவா என்ன செய்தாள் தெரியுமா? விசில் அடித்ததும் கோலை விட்டுப் புறப்பட்டு வந்து, வருகிறவள் முன்னால் மலை மாதிரி விழுந்து படுத்துவிட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை! ஓட முடியாதவளாம்! இதை எழுதின என் கையை உடைக்க வேண்டும்.

கடைசி வாய்ப்பு எங்களுக்கு. அடித்தால் இறுதிப் போட்டி. வரிசையில் செண்பா.

கோட்டில் போய் நின்றவள் என் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்கள் கேட்டது எனக்குப் புரிந்தது. எந்தக் கை மிஸ்? நான் ஒன்றும் கத்தவில்லை. என் கையை உயர்த்தினேன். இடது கையை. தலைக்கு மேலே, விரல்களை விரித்து, அத்தனை கூட்டத்துக்கும் தெரிகிற மாதிரி. முப்பது வருடமாக அந்தக் கையை நான் யார் முன்னாலும் உயர்த்தியதில்லை.

விசில். கிளம்பினாள். பந்து அவளோடு ஒட்டிக்கொண்டது. பழைய செண்பா! வலப்பக்கம் காட்டினாள், கோல்கீப்பர் சாய்ந்தாள். ஒரு இழுப்பு, பந்து இடப்பக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அடிக்க முடியும். பெரிய பிள்ளைகளே தடுமாறுகிற இடம். அவள் கை தானாகத் திரும்பியது. வலது கை காற்றில். இடது கை ஒன்று மட்டும். மெல்லத் தள்ளினாள்.

பந்து கோலுக்குள் பலகையில் மோதின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டேன். நடுவர் திட்டினார். திட்டட்டும்! ஜெனோவாவைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை, அவள் என்னைத் தூக்கிவிட்டாள்.

ராமலட்சுமி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். செண்பா இடது கையை நீட்டினாள். நீட்டின பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் அந்த வெள்ளைத் தடம் இன்னும் போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்து, அந்த உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"நாளைக்கும் ஆட்டம் இருக்குல்ல? தின்னு. தெம்பா இரு" என்றார்.

என் பக்கம் திரும்பி, "டீச்சர், பரணை நான் வேற சாமானுக்கு வெச்சுக்கிடுதேன்" என்றார்.

அழுதேன். எழுத வெட்கமில்லை. நன்றாக அழுதேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இறுதிப் போட்டி. 3-1. தோற்றுவிட்டோம். அந்த ஒரு கோல் செண்பாவுடையது. எங்களைவிட நன்றாக ஆடினார்கள், ஜெயித்தார்கள். வேனில் வரும்போது பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தார்கள். தோற்ற அணி அழுதுகொண்டுதான் வரும் என்று யார் சொன்னது?

ஆகஸ்ட் 7, திங்கள்

இந்தப் பக்கத்தை வேறு கையால் எழுதுகிறேன்.

எழுத்து பெரிது பெரிதாக வருகிறது. ஒரு பக்கத்தில் ஆறு வரிதான் பிடிக்கிறது. பேனா நடுங்குகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

ஆனால் நேராக இருக்கிறது.

அழகர்ராஜ் எட்டிப் பார்த்தார். கோழி என்று எதுவும் சொல்லவில்லை. "யாரு எழுதுனது இது, அழகா இருக்கே?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.